ஒன்பது மில்லிமீற்றர்

1. ஐம்பது

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு கண்ணாடிக்கடையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். டொக்டர் எழுதிக் கொடுக்கும் பவர் சீட்டைப் பார்த்து, பிரேம் தெரிவுசெய்து, கண்ணை அளந்து, லென்ஸை வெட்டிப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. கண்ணைப் பரிசோதிக்கிறவன் நான் இல்லை. ஆனால் பரிசோதித்தவரின் வேலை முழுவதையும் பாழாக்குகிற வசதி என் கையில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்றால், வரிசையில் முதல் ஆள் நான்.

எங்கள் தொழிலில் பி.டி. என்று ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணின் கருமணி நடுவிலிருந்து மற்றக் கண்ணின் கருமணி நடுவரை உள்ள தூரம். அதை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, இரண்டு லென்ஸின் நடுப்புள்ளியும் இரண்டு கருமணிக்கும் நேரே வரும்படி வெட்ட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு அளப்பது சுகம். சின்னப் பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள், அடிமட்டத்தைக் கண்டாலே கத்துவார்கள். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அளப்பதில்லை. ஓடர் கார்ட்டில் ஐம்பது என்று எழுதிவிடுவோம்.

அந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மைனஸ் ஒன்று, ஒன்றரைதான் எழுதுவார்கள். அந்தப் பவரில் நடுப்புள்ளி கொஞ்சம் விலகினாலும் கண் சமாளித்துவிடும். ஒருவரும் திரும்பி வந்து முறையிட்டதில்லை. முறைப்பாடு வராததை நாங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2. படுத்திருந்த பிள்ளை

தர்சினி உரும்பிராயிலிருந்து வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தோளில் பதினான்கு மாதப் பெண்குழந்தை நித்திரை. மற்றக் கையில் இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு பைல்.

பவர் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தேன். வலது கண் மைனஸ் ஏழு. இடது கண் மைனஸ் பத்து.

“இவ்வளவு சின்னப் பிள்ளைக்கோ?” என்று கேட்டேன்.

“குறைமாசத்திலை பிறந்தவ அண்ணை. இருபத்தேழு கிழமையிலை. பிறக்கேக்கை தொளாயிரம் கிராம். கண்ணுக்குள்ளை நரம்பு சரியா வளரேல்லை எண்டு கொழும்பிலை லேசர் பிடிச்சவை. பார்வை தப்பிட்டுது. ஆனால் பவர் கூடும் எண்டு அப்பவே சொன்னவை.”

பிள்ளையின் பெயர் ஆரணி. தகப்பன் சுகந்தன் வெங்காயம், மரக்கறித் தோட்டம் செய்கிறவன். கொழும்பில் தங்கி லேசர் பிடிக்க அவனுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் விலைப்பட்டுப் போய்விட்டது. இப்போது ஆட்களுடைய மெசினைக் கூலிக்குப் பிடித்து உழுகிறான். தர்சினி ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தவள், அதையும் விட்டுவிட்டாள். விடாமல் என்ன செய்வது? கண்ணுக்கு ஒரு கிளினிக். காது கேட்கிறதா என்று பார்க்க இன்னொன்று. கால் இறுகிப் போகாமல் இருக்கப் பிசியோ வேறொரு நாள். நிறை பார்ப்பது இன்னொரு நாள். ஒன்றும் ஒரே நாளில் வராது. ஒவ்வொன்றுக்கும் விடிய பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மரவாங்கில் உட்கார்ந்து காத்திருந்து, அந்தப் பைலை முதலிலிருந்து கதையாகச் சொல்ல வேண்டும்.

கடையில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், நல்ல மனிதர்தான், பிள்ளையை எட்டிப் பார்த்துச் சொன்னார்: “தொளாயிரம் கிராமிலை பிறந்து தப்பின பிள்ளையோ! அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. இனியென்ன கவலை?”

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை ஆஸ்பத்திரியில் சூட்டுப்பெட்டிக்குள் கிடந்த நாளில் எல்லாரும் நேர்த்திக்கடன் வைத்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்த நாளில் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றது ஒரு தாயும் ஒரு பைலும்.

பிள்ளையைக் கதிரையில் இருத்தி அளக்க வேண்டும். தர்சினியே கேட்டாள்.

“எழுப்பவோ அண்ணை?”

“வேண்டாம் பிள்ளை, பாவம். படுக்கட்டும்,” என்றேன்.

கரிசனையோடுதான் சொன்னேன். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை. எங்கள் வழக்கப்படி ஐம்பது. கார்ட்டில் எழுதினேன். கடையில் இருந்த ஆகச் சின்ன பிரேமை எடுத்து, பின்னால் இலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன். அன்று பின்னேரம் நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

3. எல்லாரும் ஒன்றையே சொன்னோம்

இரண்டு கிழமையில் தர்சினி திரும்பி வந்தாள்.

“அண்ணை, போட்டவுடனை கழட்டி எறியிறா. ஒரு நிமிசம் வைச்சிருக்கிறா இல்லை.”

“எல்லாப் பிள்ளையளும் முதல்லை அப்பிடித்தான். நீங்கள்தான் பழக்கவேணும்.”

அடுத்த மாதமும் வந்தாள். கண்ணாடியின் கால் முறிந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதம் மூக்குப் பட்டை. கண் கிளினிக்கிலும் கேட்டிருக்கிறாள். அவர்கள் கண்ணாடியை மெசினில் வைத்துப் பார்த்து, பவர் சரி, பிரச்சினை கண்ணாடியில் இல்லை என்றார்கள். பவர் சரிதான். அதில் பொய் இல்லை. நடுப்புள்ளி எங்கே நிற்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது லென்ஸை வெட்டிக் கண்ணாடி கட்டியவன் பார்த்திருக்க வேண்டிய விஷயம், பார்த்திருப்பான் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கண்ணாடியில் பிழை இல்லை என்றால் பிழை யாரில்? தாயில்தான். கிளினிக்கில் “பழக்கேல்லை” என்றார்கள். நானும் “பழக்கேல்லை” என்றேன். வீட்டில் மாமியார் வேறு மாதிரிச் சொன்னாராம். ஒருநாள் பிரேமை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது தர்சினி, என்னைப் பாராமல், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“பத்து மாசம் ஒழுங்காச் சுமக்கத் தெரியாதவளுக்கு ஒரு கண்ணாடி போட்டு விடவும் தெரியேல்லையாம் அண்ணை.”

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் அவளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பார்க்கப் பழகுவது கண் இல்லை, மூளை. ஏழெட்டு வயதுக்குள் அது பழக வேண்டும். மங்கலான படத்தை மட்டும் அனுப்புகிற கண்ணை மூளை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். பிறகு எந்தக் கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை. ஆரணியின் இடது கண் அந்த நிலையில்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமல் போகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணுக்கு நட்டம். தர்சினிக்கு அது விளங்கியிருந்தது. அதனால்தான் அவளுக்கு நித்திரை இல்லை.

அந்த நிலையில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் திருப்பி எடுக்க முடியுமென்றால் அதைத்தான் எடுப்பேன்.

“பிள்ளையின்ரை ரெண்டு கையுக்கும் சொக்ஸ் போட்டு, மணிக்கட்டிலை இறுக்கி விடுங்கோ. பிடிச்சு இழுக்க ஏலாது. ரெண்டு மாசத்திலை பழகிடும்.”

அவள் தலையாட்டினாள். அந்த நேரம் யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பாள்.

4. மின்விசிறியைப் பார்த்த கண்

ஒன்பதாவது மாதம். கண்ணாடியின் கால் ஐந்தாவது தடவையாக முறிந்திருந்தது. ஆரணிக்கு வயது இரண்டு ஆகப் போகிறது. இன்னும் நடக்கவில்லை, கதைக்கவில்லை. இரண்டு கையிலும் வெள்ளைச் சொக்ஸ். ஒன்றின் நுனி சப்பிச் சப்பி நூலாகியிருந்தது.

எனக்கு அன்று எரிச்சல். கடையில் சனம்.

“தங்கச்சி, இப்பிடி மாசம் மாசம் முறிச்சுக்கொண்டு வந்தால் நாங்கள் என்ன செய்யிறது? ஒரு பிள்ளையைப் பழக்க ஏலாதோ?” என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முறிந்த காலை மாற்றி, பிள்ளைக்குக் கண்ணாடியை நானே போட்டுவிட்டேன். உடனே சிணுங்கத் தொடங்கியது. சொக்ஸ் கையால் தட்டிப் பார்த்தது, முடியவில்லை. பிறகு தாயின் தோளில் முகத்தை வைத்து ஒரு பக்கமாகத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி பிள்ளையின் இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. இனிக் கழன்று விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆரணி தேய்ப்பதை நிறுத்தினாள். சிணுங்கலும் நின்றது. இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் எட்டிக் கண்ணாடியை நேராக்கினேன். உடனே சிணுங்கல். திரும்பத் தோளில் தேய்த்து, அதே இடத்துக்கு நகர்த்தினாள். திரும்ப அமைதி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கழற்ற நினைக்கிற பிள்ளை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்க்காது. இந்தப் பிள்ளை நடுவைத் தேடுகிறது.

மேசை லாச்சியைத் திறந்து டோர்ச்சையும் அடிமட்டத்தையும் எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, டோர்ச் வெளிச்சம் இரண்டு கருமணியிலும் விழும் புள்ளியைப் பார்த்து அளந்தேன். நாற்பத்தொன்று. நம்ப முடியாமல் திரும்ப அளந்தேன். நாற்பத்தொன்று. முகத்துக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து ஒருதரம் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்து மாதக்கணக்கில் ஒருபக்கமாகக் கிடந்த பிள்ளைகள் பலருக்குத் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். ஆரணிக்கும் அப்படித்தான். ஒடுங்கிய முகத்தில் கண்கள் கிட்டக் கிட்ட இருந்தன.

பழைய ஓடர் கார்ட்டை எடுத்தேன். என் கையெழுத்து. ஐம்பது.

ஒன்பது மில்லிமீற்றர். மைனஸ் ஒன்றில் இது ஒன்றுமே இல்லை. மைனஸ் பத்தில் இரண்டு கண்ணையும் காதுப்பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஒருவர் அதைப் போட்டால் பத்து நிமிடத்தில் தலையிடி என்று கழற்றிக் கடைக்காரன் முகத்தில் எறிவார். ஆரணியும் எறிந்தாள். அவள் கையை நாங்கள் கட்டினோம். கட்டிய பிறகு, அவள் தோளில் தேய்த்துத் தேய்த்து ஒரு கண்ணுக்காவது நடுவைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது வலது கண். ஏற்கெனவே நல்ல கண். கைவிடக் கூடாது என்று டொக்டர் சொன்ன இடது கண்ணுக்கு அதே நேரம் நடு இன்னும் தூரப் போயிருந்தது.

5. முதலாளியின் யோசனை

முதலாளியைப் பின்னறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடையைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்.

“பிள்ளைக்குப் பவர் மாறிட்டுது, புதுக்கண்ணாடி போடவேணும் எண்டு சொல்லும் சிவம்,” என்றார்.

“பவர் மாறேல்லை முதலாளி. நாங்கள் பிழையாக் கட்டியிருக்கிறம்.”

“நீர் பிழை எண்டு ஒத்துக்கொண்டால் நாளைக்கு உரும்பிராய் முழுக்கக் கதைக்கும். இவ்வளவு காலமும் ஐம்பது போட்ட பிள்ளையள் எல்லாரும் வந்து வாசல்லை நிப்பினம். விசர்க்கதை கதையாதையும்.”

“வரட்டும். அளப்பம்.”

“அந்தப் பெட்டைக்கு விளங்கவா போகுது? பி.டி. எண்டால் என்னெண்டு அதுக்குத் தெரியுமோ?”

இந்த வசனம்தான் என்னைத் தட்டி எழுப்பியது. இவ்வளவு வருடமாக எங்கள் தொழிலே இந்த வசனத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு விளங்காது. விளங்காதபடியால் கேட்க மாட்டார்கள். கேட்காதபடியால் நாங்கள் சரி.

“நான் சொல்லி விளங்கப்படுத்திறன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் அவர் ஏதோ கத்தினார்.

6. அவள் கேட்டது

அடிமட்டத்தையும் கார்ட்டையும் மேசையில் வைத்து, முதலிலிருந்து சொன்னேன். அவள் நான் நினைத்ததைவிட வேகமாக விளங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“அப்ப, பிள்ளை பழகேல்லை எண்டு சொன்னது?”

“பிழை தங்கச்சி.”

“நான் பழக்கேல்லை எண்டு சொன்னது?”

“அதுவும் பிழை.”

“கையைக் கட்டச் சொன்னது?”

நான் மேசையில் கிடந்த கார்ட்டைப் பார்த்தேன்.

“ஒன்பது மாசம் அண்ணை. கதைக்கத் தெரியாத பிள்ளை தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியிலை எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு, இது எனக்குச் சரிவரேல்லை அம்மா எண்டு. நான் அவளின்ரை கையைக் கட்டிப்போட்டன்.” குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “எல்லாரும் என்னை ஏச, நான் இவளுக்கு அடிச்சும் இருக்கிறன். கையிலைதான். ரெண்டு தரம்.”

கடையில் நின்ற சனம் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றது. சற்று முன் நான் அவளைச் சத்தமாக ஏசியதும் இதே சனத்தின் முன்னால்தான்.

சின்ன முகத்துக்கான பிரேம் கொழும்பிலிருந்து வரப் பத்து நாள் எடுத்தது. லென்ஸை நானே வெட்டினேன். அந்தச் செலவை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார்.

பத்தாம் நாள் புதுக்கண்ணாடியைப் போட்டுவிட்டு, தர்சினி பிள்ளையின் கையிலிருந்து சொக்ஸைக் கழற்றினாள். ஆரணியின் கை உடனே கண்ணாடிக்குப் போனது. கை கண்ணாடியைத் தடவியது. பிறகு அதை விட்டுவிட்டுத் தாயின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது.

தர்சினி சிரிக்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு சொக்ஸையும் என் மேசையில் வைத்தாள்.

“இதை நீங்களே வைச்சிருங்கோ,” என்றாள்.

வைத்திருந்தேன். அடிமட்டம் இருந்த அதே லாச்சியில்.

7. இப்போது

முதலாளி பயந்தபடி உரும்பிராய் முழுக்கக் கதைத்தது. ஆட்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாரையும் அளந்தேன். பலருக்குப் பாதிப்பு இல்லை, சிலருக்கு மாற்றிக் கட்டினோம். கடை மூடப்படவில்லை. ஐம்பது என்று எழுதுகிற வழக்கம்தான் நின்றது.

ஆரணியின் வேலை அதோடு முடியவில்லை. நல்ல கண்ணைப் பிளாஸ்டரால் மூடி, இடது கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு. எங்கள் வெயிலில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் வேர்த்துச் சிவந்து புண்ணாகும். முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஒற்றைக்கண்ணி என்றார்கள். கலியாண வீட்டில் யாரோ ஒரு பெரிய மனுசி, பொம்பிளைப் பிள்ளையைப் போட்டோ எடுக்கும்போதாவது கண்ணாடியைக் கழற்றச் சொன்னாராம். தர்சினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டாள். நல்ல வேலை செய்தாள். நான் நின்றிருந்தால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

மூன்று வயதாகும்போதுதான் ஆரணி நடந்தாள். கண்ணாடி வருடத்துக்கு ஒருதரம், சில வருடம் இரண்டு தரம் மாற வேண்டும், முகம் வளருகிறதே. பைல் இப்போது இரண்டாகிவிட்டது. உயிரைக் காப்பாற்ற இவ்வளவு பேர் பாடுபட்ட நாட்டில், அந்த உயிர் ஒழுங்காக வளர ஒரு தாய் ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் ஏன் குற்றவாளியைப் போல நிற்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவன்தான்.

நான் வேலையை விடுவதற்கு முந்திய மாதம் அவர்கள் வந்தார்கள். ஆரணிக்கு ஆறு வயது. முதலாம் வகுப்பு. சுவரில் எழுத்து அட்டையைக் காட்டி, விளையாட்டாக வாசிக்கச் சொன்னேன். வலது கண்ணால் கீழ்வரைக்கும் போனாள். இடது கண்ணால் நாலாவது வரியில் நின்றுவிட்டாள். அந்த நாலாவது வரிக்குக் கீழே உள்ளதில் எவ்வளவு குறைமாதத்தால் போனது, எவ்வளவு என் ஐம்பதால் போனது என்று ஒரு டொக்டராலும் சொல்ல முடியாது. நானும் கேட்டுப் பார்த்தேன். அந்த வரியை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பிள்ளை கண்ணாடியைக் கழற்றினால் முதலில் கண்ணாடியை அளவுங்கள். பிறகும் பிழை கிடைக்காவிட்டால் இன்னொருதரம் அளவுங்கள். தாயைக் குறை சொல்வதைக் கடைசிக்கு வைத்திருங்கள். அந்தக் கடைசி பெரும்பாலும் வராது.

அவர்கள் கடைசியாக வந்த அன்று, அடிமட்டத்தை எடுக்க லாச்சியைத் திறந்தேன். அதற்கு முன் தர்சினி தன் கைப்பையிலிருந்து சொந்த அடிமட்டம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் கொண்டுவருவாள்.

“நீங்கள் அளவுங்கோ அண்ணை. பிறகு நான் அளக்கிறன்.”

நான் அளந்தேன். நாற்பத்தாறு. அவள் அளந்தாள். நாற்பத்தாறு. கார்ட்டில் எழுதினேன். எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆரணி திறந்திருந்த லாச்சிக்குள் எட்டி, அந்த வெள்ளைச் சொக்ஸைப் பார்த்தாள்.

“அங்கிள், என்ரை கையிலை சொக்ஸ் போடச் சொன்னது நீங்கள்தானோ?”

தாய் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். தர்சினி அவளைத் தடுக்கவில்லை.

“ஓம் பிள்ளை.”

“ஏன்?”

முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் நேரே கேட்காத கேள்வி.

“நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை. அதுதான்.”

ஆரணி கண்ணாடியைச் சுண்டுவிரலால் மேலே தள்ளி, என்னை வடிவாக உற்றுப் பார்த்தாள்.

“எனக்கு அப்ப கதைக்கத் தெரியாதே அங்கிள்,” என்றாள், கணக்கில் விட்ட பிழையைத் திருத்துகிற குரலில்.

தர்சினி தன் அடிமட்டத்தை எடுத்துத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.